ஐயா முகம் போட்ட மெத்தை

நவம்பர் 10, திங்கள்

விடிகாலையில் தூறல். ஒன்பதுக்கு மேல் சுள்ளென்று வெயில். நீளம் தாண்டும் குழியில் முழங்கால் தண்ணீர். மைதானத்தில் கோடு போடும் மார்க்கர் ஏழுமலை பக்கெட்டால் இறைத்துக்கொண்டிருந்தார், கூடவே வானத்தைத் திட்டியபடி.

ஹை ஜம்ப் மேட் வந்துவிட்டது! டிரஸ்ட்டிடம் எத்தனை கடிதம், எத்தனை போன். லாரிக்காரர் இறக்கிப் போட்டுவிட்டு டீக்குப் போனார். பிள்ளைகள் எல்லாம் ஓடி வந்தார்கள். ஏழுமலை பிளாஸ்டிக் உறையைக் கிழித்தார்.

ஐயா.

மேட் முழுக்க ஐயாவின் முகம். டிரஸ்ட்டை ஆரம்பித்து வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்த அதே ஐயா. நெற்றியில் விபூதி, மீசை, சிரிப்பு. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. கீழே 'என்றும் எங்கள் நினைவில்'. ஒரு சின்ன அறை அளவு மெத்தை, அதில் ஒரு சின்ன அறை அளவு முகம்.

ஏழுமலை செருப்பைக் கழற்றிவிட்டார். "இன்னா மிஸ் இது, சாமி மாரி கீது."

பிள்ளைகள் ஓரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. தேவகி மட்டும் ஸ்பைக்ஸ் மாட்டிக்கொண்டு தயாராக நின்றிருந்தாள். எங்கள் கல்லூரியில் ஹை ஜம்ப் என்றால் அவள்தான். மெத்தையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இதும்மேலயா மிஸ் வுழணும்?"

சிரிப்பு நின்றுவிட்டது. இன்று பயிற்சி இல்லை என்று சொல்லிவிட்டேன்.

வாங்க வேண்டியது: இவருக்கு பி.பி. மாத்திரை, துவரம்பருப்பு, விசில் கயிறு.

நவம்பர் 11, செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம்.

காலையில் முதல் வேலையாக டிரஸ்ட்டின் புரோகிராம் ஆபீசர், பி.ஓ.வுக்கு போன். சென்னையில் ஏ.சி. அறையில் உட்கார்ந்து எங்கள் விளையாட்டுத் திட்டத்தை நடத்தும் தம்பி. நல்ல பையன்தான்.

"படம் நல்லா வந்திருக்கா மேடம்? டிசைன் நான்தான் பண்ணேன்."

"சார், அது மேல குதிப்பாங்க சார்."

"மேலயா?"

"பின்ன?"

கேட்லாக்கில் மேட் சுவர் மாதிரி செங்குத்தாக நிறுத்தி வைத்த படம் இருந்ததாம். பின்னால் பேனர் மாதிரி அது நிற்கும், முன்னால் பிள்ளைகள் தாண்டுவார்கள் என்று நினைத்தாராம். அப்படியென்றால் எங்கே விழுவார்கள் என்று கேட்டேன். "மண்ணுல..." என்று இழுத்தார். இவர்கள்தான் எங்களுக்கு மூன்று வருஷத் திட்டம் போடுகிறவர்கள். தலையில் அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது.

பி.ஓ.வை மட்டும் சொல்லி என்ன. அந்த டிரஸ்ட்டின் வழக்கமே அதுதான். தண்ணீர் பாட்டிலில் ஐயா. பனியன் முதுகில் ஐயா. மைதானத்தில் வைக்கும் கூம்புகளில்கூட குட்டி ஐயா. ஐயா தெரிகிற மாதிரி போட்டோ அனுப்பினால்தான் பில் பாஸ் ஆகும். முட்டைக்கு மட்டும் எப்படியோ விலக்கு. "அதுலயும் ஒட்டச் சொல்வாங்க மிஸ், பாத்துகினே இருங்க" என்பார் ஏழுமலை.

குறை சொல்லவும் வாய் வரவில்லை. மெஸ் சாப்பாடு, முட்டை, ஸ்பைக்ஸ், போட்டிக்குப் போகிற வேன், எல்லாம் டிரஸ்ட் தயவு. அது நின்றால் என் பிள்ளைகளில் பாதிப் பேர் விடுதியைக் காலி செய்துவிட்டு மறைமலைநகர் கம்பெனி வேலைக்கு பஸ் ஏற வேண்டியதுதான். கல்லூரி ஒரு சல்லி தராது. எனக்குத் தெரியாதா.

இதில் இன்னொன்று. சனிக்கிழமை ஐயாவின் நினைவு நாள். அவர் மனைவி நேரில் வருகிறார். எல்லோரும் பெரியம்மா என்கிறார்கள். இப்போது டிரஸ்ட் அவர் கையில். மேட்டில் படம் இருப்பது அவருக்குத் தெரியாது. சர்ப்ரைஸாம். தேவகி முதல் தாண்டல் தாண்ட வேண்டும், பெரியம்மா கைதட்ட வேண்டும், அதன் பிறகு அடுத்த மூன்று வருஷத்துக்கு கையெழுத்து. இதுதான் நிகழ்ச்சி நிரல்.

மதியம் கல்லூரி கரஸ்பாண்டன்ட் அறை. உட்காரச் சொல்லவில்லை.

"படத்தை மூடினா பெரியம்மாவுக்குக் கோபம் வரும். மிதிச்சா அதைவிடக் கோபம் வரும்."

"ஆமா சார். அதனால?"

"முகத்தை விட்டுட்டு ஓரமா விழச் சொல்லுங்க."

ஓரமா! பஸ்ஸில் சீட் பிடிக்கச் சொல்வது போலச் சொல்கிறார். மல்லாந்து தாண்டுகிற பிள்ளைக்குக் கீழே என்ன இருக்கிறது என்றே தெரியாது. பழைய மேட்டையாவது கொடுங்கள் என்றேன். அது நேற்றே காயலான் கடைக்குப் போய்விட்டதாம். புதுசு வந்தாச்சே, பழசு எதற்கு என்றார்.

நவம்பர் 12, புதன்

தூக்கம் வரவில்லை. எழுதினால் வருமா என்று பார்க்கிறேன்.

சாயங்காலம் பயிற்சி. பிள்ளைகளுக்குள் ஒரே விவாதம். கால் பட்டால் பாவம், முதுகு பட்டால்? மல்லாந்து தாண்டினால் முதுகுதானே படும்? நீங்க கோயில் வூட்டுப் பொண்ணாச்சே மிஸ், நீங்க சொல்லுங்க என்றார்கள். அப்பா திருக்கழுக்குன்றத்தில் மடப்பள்ளி வேலை பார்த்தவர். அதனால் எனக்கு எல்லா சாஸ்திரமும் தெரியும் என்று நினைப்பு. எனக்குப் புளியோதரை மட்டும்தான் தெரியும்.

"முதுகு பட்டா ஒண்ணுமில்ல. தாண்டு" என்றேன். அவ்வளவு அதிகாரமாக.

தேவகி ஓடி வந்தாள். எழும்பினாள். கம்பிக்கு மேல் போனதும் உடம்பை ஒரு முறுக்கு முறுக்கினாள், முகத்தைத் தவிர்க்க. பாதி உடம்பு மேட்டில், தோளும் கழுத்தும் வெளியே தரையில். அந்தச் சத்தம். நான் எப்படி அங்கே போனேன் என்று தெரியவில்லை. "மிஸ், கை கீதா?" என்று கேட்டாள். இருக்கு, இருக்கு என்றேன்.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரி. எக்ஸ்ரே. எலும்பு முறியவில்லை. கழுத்துப் பட்டை இரண்டு நாள். இன்னும் கொஞ்சம் தள்ளி விழுந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார், நான் கேட்க மாட்டேன் என்று வெளியே வந்துவிட்டேன்.

அடுத்த புதன் பல்கலைக்கழக அணித் தேர்வு. தேர்வானால்தான் அடுத்த வருஷமும் அவளுக்கு டிரஸ்ட் சோறு. இல்லையென்றால் படிப்பே நிற்கும்.

அவள் அப்பா அச்சரப்பாக்கத்திலிருந்து லோடு வண்டியோடு வந்துவிட்டார். வைக்கோல் ஏற்றுகிற ஆள். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

"சோறு போட்றவரு மூஞ்சி மேல எப்டி மிஸ் வுழும் கொயந்த? நாந்தான் போன்ல சொன்னேன், ஒதுங்கி வுழுன்னு."

கரஸ்பாண்டன்ட் சொன்னதையே இவரும் சொல்லியிருக்கிறார். அவர் பயந்து சொன்னது, இவர் நன்றியில் சொன்னது. விழுந்தது என்னவோ ஒரே இடத்தில். நான் தாண்டு என்றதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நவம்பர் 13, வியாழன்

வெயில். காற்று. பி.பி. மாத்திரை மறந்தேன், இவர் முகம் தூக்கி வைத்திருக்கிறார். கல்பாக்கத்தில் இன்று நைட் ஷிப்ட்.

கல்லூரி மைதானத்துப் பக்கமே தேவகி திரும்புவதில்லை. சாயங்காலம் மாமல்லபுரம் கடற்கரைக்கு அழைத்துப் போனேன். கழுத்துப் பட்டையைப் பிடிவாதமாகக் கழற்றிவிட்டாள். தாண்டல் கிடையாது, ஓட்டம் மட்டும். ஈர மணலில் குச்சியால் வளைவு கிழித்தேன். அதன் மேல் ஓடி வந்து, எழும்புகிற இடத்தில் நிற்க வேண்டும்.

முதல் தடவை நின்றாள். அடுத்த தடவை வளைவிலேயே வேகம் குறைந்தது. அப்புறம் பாதியிலேயே நடந்தாள். சங்கு விற்கிறவர் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னாம்மா, பொண்ணு எதுனா தொலச்சிடிச்சா?"

ஆமாம், தொலைத்துவிட்டது.

படகு நிழலில் உட்கார்ந்து சுண்டல். தேவகி மணலைப் பார்த்தபடியே பேசினாள்.

"ஓடி வரசொல்ல நல்லாதான் கீது மிஸ். எகிர்ற நேரத்துல அவரு சிரிக்கிறாரு."

"படம்டி அது. பஞ்சு மேல சாயம்."

"தெரியும் மிஸ். ஆனா டெய்லி அவரு சோறுதான துன்றேன்."

சுண்டல் பொட்டலத்தை அவள் பக்கம் தள்ளினேன். கம்பெனியில் வேலைக்கு அவள் நைனா காண்ட்ராக்டரிடம் பேசி வைத்துவிட்டாராம், புதன்கிழமை தேர்வு முடிந்ததும் பார்க்கலாம் என்று. அவள் அதைச் சாதாரணமாகச் சொன்னாள்.

ஒன்று தெளிவாகிவிட்டது. அந்த முகம் இருக்கும்வரை இவள் தாண்ட மாட்டாள். தாண்டினால் கழுத்து.

நவம்பர் 14, வெள்ளி

மதியம் வரை மழை. குழந்தைகள் தினம் என்று ஸ்டாஃப் ரூமில் சாக்லேட்.

முடிவு பண்ணினேன். யாரையும் கேட்கவில்லை, பண்ணினேன்.

மேட்டின் மேலுறைக்கு ஜிப் இருக்கிறது. தேவகி அப்பாவுக்கு போன் போட்டு வண்டித் தார்ப்பாயைக் கொண்டுவரச் சொன்னேன். நானும் ஏழுமலையும் உறையைக் கழற்றினோம். ஏழுமலை ஒவ்வொரு இழுப்புக்கும் "மன்னிச்சிக்க ஐயா" என்றார். தேவகி அப்பா வைக்கோல் லோடைக் கட்டுவது போலச் சுற்றிலும் இழுத்துக் கட்டினார். ஒரு சுருக்கம் இல்லை. வைக்கோல் வாசனை.

ஐயாவை என்ன செய்வது? வாலிபால் கம்பங்களுக்கு நடுவே கட்டித் தொங்கவிட்டோம். பி.ஓ. தம்பி ஆசைப்பட்ட மாதிரியே, பேனராக. மழைக்குப் பின் வந்த வெயிலில் ஐயா நிமிர்ந்து நின்று சிரித்தார். நன்றாகத்தான் இருந்தது.

கம்பியைத் தாழ்த்தி வைத்தேன். தேவகி முதுகால் விழுந்தாள். நட்ட நடுவில்! எழுந்து, "மிஸ், வைக்கோல் குத்துது" என்று சிரித்தாள். மெத்தை வந்த பிறகு அவள் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன். அவள் அப்பா திரும்பி நின்று மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

ஐந்து மணிக்கு கரஸ்பாண்டன்ட் வந்தார்.

"என்ன மேடம் இது, லாரி லோடா?"

விளக்கினேன். ஆஸ்பத்திரி, கழுத்து, எக்ஸ்ரே, எல்லாம்.

"நாளைக்கு சைன் ஆகணும். நாலு காலேஜ் அந்தப் பணத்துக்கு க்யூல நிக்குது. ஒரே ஒரு தாண்டல். அதுக்கப்புறம் நீங்க கோணியைக் கட்டினாலும் நான் கேக்க மாட்டேன்."

"அந்த ஒண்ணுல கழுத்து போச்சுன்னா?"

"நல்லதே பேசுங்க மேடம்."

அவர் நின்று பார்க்க, நாங்களே உறையைத் திரும்ப மாட்டினோம். சரி சார் என்று சொன்னது என் வாய்தான். வீட்டுக்கு வந்து சாப்பிடப் பிடிக்கவில்லை. தார்ப்பாயை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை, மேடைக்குப் பின்னால் மடித்து வைத்திருக்கிறேன்.

நவம்பர் 15, சனி

வெயில். பந்தல், மைக், சாமந்தி. பன்னீர் தெளிக்க இரண்டு பிள்ளைகள்.

பெரியம்மா பத்தரைக்கு வந்தார். நான் நினைத்தது பட்டும் வைரமுமாக ஒரு உருவம். வந்தது சின்னக் கூடு உடம்பு, வெளிர் நீலக் காட்டன் புடவை, கையில் கைக்குட்டை. படத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். கரஸ்பாண்டன்ட் முகத்தில் வெற்றி.

குருக்கள் மேட்டுக்குப் பூஜை செய்தார். ஐயாவின் நெற்றியில் சந்தனம் குங்குமம், கழுத்தில் ரோஜா மாலை, நாலு மூலையிலும் எலுமிச்சை. கற்பூர ஆரத்தி. இருந்ததும் போச்சு என்று நினைத்தேன். நேற்று வரை அது படம், இப்போது சாமியே ஆகிவிட்டது.

மாலையை எடுத்து ஓரம் வைத்தார்கள். மைக்கில் தேவகி பெயர். அவள் ஆரம்பக் குறியில் நின்றாள். நான் தலையசைத்தேன். நகரவில்லை. கரஸ்பாண்டன்ட் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார். பி.ஓ. போட்டோ எடுக்க மண்டியிட்டுக் காத்திருந்தார். தேவகி ஓட ஆரம்பித்தாள். வளைவில் திரும்பியதும் அவள் தோள் ஒரு பக்கம் முறுக்கிக்கொள்வது தெரிந்தது. புதன்கிழமை மாதிரியே.

விசில் அடித்துவிட்டேன். வாயில் இருந்தது, அடித்துவிட்டேன். அவள் கம்பிக்கு முன்னால் நின்றாள்.

"ஏன் நிறுத்திட்டீங்க?" பெரியம்மா.

கரஸ்பாண்டன்ட் வார்ம் அப் என்று ஏதோ ஆரம்பித்தார். நான் குறுக்கே பேசினேன். இத்தனை வருஷத்தில் அவர் பேச்சில் குறுக்கிட்டதில்லை.

"ஐயா முகத்து மேல விழ அவளுக்கு பயம்மா. முந்தாநேத்துக்கு முதல் நாள் அவர் முகத்தைத் தவிர்க்கப் போய், கழுத்து தரையில பட்டுது."

பெரியம்மா எழுந்து மேட்டுக்குப் பக்கத்தில் வந்தார். ரொம்ப நேரம் முகத்தையே பார்த்தார். எனக்கு வேலை போனது, பிள்ளைகளின் சோறு போனது, எல்லாம் கண்ணில் ஓடியது.

"இது எங்க கல்யாணப் படம்" என்றார். "இந்தப் பக்கம் நான் நின்னேன். யாரு என்னை வெட்டினது?"

பி.ஓ. எழுந்து நின்றார்.

பெரியம்மா செருப்பைக் கழற்றிவிட்டு மேட்டின் மேல் உட்கார்ந்தார். ஐயாவின் காதுக்குப் பக்கத்தில். குருக்கள் ஒரு அடி பின்னால் போனார். பெரியம்மா இரண்டு தரம் அமுக்கிப் பார்த்தார். தேவகியைக் கையாட்டிக் கூப்பிட்டார்.

"எதுக்கும்மா பயம்?"

"சோறு போட்றவருங்க. அவரு மேல எப்டிங்க வுழறது?"

"அவரா போடறாரு? பஸ்ஸுக்கு ஓடினதைத் தவிர அவர் ஓடினதே கெடையாது. விளையாட்டுன்னா எழுந்து போயிடுவார். பசங்களுக்கு சோறு போடணும்னு சொன்னது நான். எங்க அப்பா வீட்டு நிலத்தை வித்துப் போடறதும் நான். பேரு அவருக்குப் போனா போகுதுன்னு விட்டேன்." குரல் கொஞ்சம் உடைந்தது. கைக்குட்டை. "பயந்துகிட்டே சாப்பிட்டா அந்தச் சோறு ஒட்டுமா? போட்டவங்க மேல விழறதுக்குத்தான் மெத்தை. இல்லேன்னா எதுக்கு வாங்கினேன்?"

தேவகி அழுதாள். நானும். ஏழுமலை முதலிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"இன்னிக்கு இதைக் கழட்டிடுங்க, பயந்த பொண்ணு" என்றார் பெரியம்மா. தார்ப்பாயை இழுத்துக்கொண்டு வந்தேன். தேவகி தாண்டினாள். பெரிய உயரம் ஒன்றுமில்லை. நேராக விழுந்தாள்.

ஆனால் கையெழுத்து ஆகவில்லை. பெரியம்மா ஒன்றும் சொல்லாமல் காரில் ஏறினார். என் நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டார். கார் போனதும் கரஸ்பாண்டன்ட்: "போதுமா மேடம்?"

நவம்பர் 16, ஞாயிறு

போன் வரவில்லை. துணி துவைத்தேன். மழை வந்து திரும்பவும் நனைத்தது. இவர் செய்த ரசம் நன்றாக இருந்தது, சொல்லவில்லை.

விசில் அடித்தது சரியா? சரிதான். பத்து பிள்ளைகள் விடுதியைக் காலி செய்தாலும் சரியா?

நவம்பர் 19, புதன்

தேர்வு. பல்கலைக்கழக மைதானத்தில் சாதா நீல மேட். யார் முகமும் இல்லை. தேவகி வேனிலிருந்து இறங்கி முதல் வேலையாகப் போய் அதைத்தான் பார்த்துவிட்டு வந்தாள். "கிளீனா கீது மிஸ்."

முதல் தாண்டலில் கம்பி விழுந்தது. அடுத்ததிலும். அடுத்தது கடைசி. கிட்டே போய், ஒன்றும் யோசிக்காதே என்று சொல்ல நினைத்து, "சாப்டியா?" என்று கேட்டுவிட்டேன். "மூணு முட்ட மிஸ்" என்றாள். ஓடினாள்.

தாண்டிவிட்டாள். அதற்கப்புறம் இன்னும் இரண்டு உயரம். இரண்டாவது இடம். அணியில் சேர்த்துவிட்டார்கள். அவள் அப்பாவுக்கு போன் போட்டால் பின்னால் ஹாரன், கத்தல், ஒன்றும் புரியவில்லை. காண்ட்ராக்டரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன் என்றது மட்டும் கேட்டது.

திரும்பும் வழியில், வேனில், கரஸ்பாண்டன்ட் போன். பெரியம்மா கையெழுத்துப் போட்டுவிட்டாராம். மூன்று வருஷம். அப்பாடா.

"உங்க விசில்தான் மேடம் எல்லாத்துக்கும் காரணம்." குரலில் தேன். இந்த மனுஷன் இப்படிப் பேசினால் அடுத்து ஏதோ வருகிறது என்று அர்த்தம்.

நவம்பர் 24, திங்கள்

மறுபடி தூறல். குழியில் மறுபடி தண்ணீர். ஏழுமலை மறுபடி பக்கெட்.

பதினோரு மணிக்கு லாரி. ஒரே ஒரு பெரிய சுருள். நான் எதையும் கேட்கவில்லையே என்றேன். கரஸ்பாண்டன்ட் போன்: "மேட்டுக்குப் புது கவர் மேடம். நானும் பி.ஓ.வும் சேர்ந்து ஏற்பாடு. பெரியம்மாவுக்கு சர்ப்ரைஸ். இந்தத் தடவை எந்தத் தப்பும் இல்ல, பாருங்க."

விரித்தோம்.

கல்யாணப் படம். முழுசாக. ஐயா, பக்கத்தில் பெரியம்மா, இரண்டு பேரும் மாலையும் கழுத்துமாக. யாரையும் வெட்டவில்லை. நாலு மூலையிலும் குத்துவிளக்கு.

"ரெண்டு பேரு மிஸ்" என்றாள் தேவகி.

ஏழுமலை செருப்பைக் கழற்றிவிட்டார். தேவகி கழற்றவில்லை. குனிந்து ஸ்பைக்ஸ் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள்.